ஜிப்சம் சாட்சி

ஞாயிறு விடியலில்
ஸாக்ரெப் நகரம் ஒருமுறை உடம்பை உதறியது.
எங்கள் புகைபோக்கி கூரையைத் துளைத்து
யாட்ராங்காவின் கட்டிலில் வந்து படுத்தது.
அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.
அகப்பட்டவர்களிடமெல்லாம் அதன்பின்
பற்பசையின் பெருமை பேசினாள்.

வாசலில் மஞ்சள் தாள் ஒட்டினார்கள்:
தற்காலிகமாகப் புழங்கத் தகாதது.
புழங்கினோம். வேறெங்கே போவது?
எதிர்க் கட்டடத்துக்குப் பச்சைத் தாள்.
பச்சைக்காரர்கள் எங்களைக் கண்டால்
குரலைத் தணித்துக்கொண்டார்கள்,
துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல.

ஸ்லாவென் என்றொரு பொறியாளர் வந்தார்.
முழங்கை கிழிந்த மேல்கோட்டு, கையில் வாளி.
விரிசல் ஒவ்வொன்றின் குறுக்கேயும்
தீப்பெட்டி அகலத்துக்கு ஜிப்சம் அப்பி
பென்சிலால் தேதி எழுதினார்.
"இதற்குப் பெயர் சாட்சி.
சுவர் சும்மா இருப்பதுபோல் நடிக்கும்.
இதற்கு நடிக்கத் தெரியாது.
சுவர் நகர்ந்தால் உடைந்துவிடும்."

என் வீட்டில் ஒன்பது சாட்சிகள்.
காலையில் காபிக்கு முன்னால்
டார்ச் அடித்து ஒவ்வொன்றாய் விசாரிப்பேன்.
எட்டும் வாய் திறக்கவில்லை.
ஒன்பதாவது, சமையலறையில்,
ஏப்ரல் மாதம் இரண்டாய்ப் பிளந்தது.

அந்த விரிசலே ஒரு தினுசு.
மற்றவை மின்னலாய்க் கோணிப் போக
இது நேராக ஏறி
நேராகத் திரும்பி
நேராக இறங்கியது.
ஸ்லாவென் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"இது விரிசலில்லை, கதவு."

போர் முடிந்த நாட்களில் யாரோ
ஒரு வீட்டை இரண்டாக்கி
அவசரமாய்ச் செங்கல் வைத்து அடைத்த கதவு.
அந்தப் பக்கம் மிலிவோய்.
ஒழுகும் குழாய் யாருடையது என்ற வழக்கில்
எட்டு வருடமாய் நாங்கள் பேசுவதில்லை.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும்
தபால்பெட்டிக்குள் இல்லாத கடிதத்தைத் தேடுவோம்.

பழுதுபார்க்கப் பணம் தருவார்களாம்;
எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட்டால்.
முற்றத்தில் கூட்டம் போட்டோம்.
பதினொரு வீடு, பதினொரு கணக்கு.
மூன்றாம் மாடிக்காரர் மியூனிக்கில்; தொலைபேசியை எடுக்கவில்லை.
பத்திரத்தைப் புரட்டினால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் இறந்துபோன
ஒட்டோகர் என்பவருக்கும் இதில் ஒரு துண்டுப் பங்கு.
அவருடைய கையெழுத்துக்காக
ஏழு மாதம் காத்திருந்தோம்.
அதற்குள் பனி வந்தது, கூரையில் தார்ப்பாய் கிழிந்தது,
யாட்ராங்கா மகள் வீட்டுக்குப் போனாள்,
மகளோடு சண்டையிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒருவழியாகக் கொத்தனார்கள் செங்கலை உருவினார்கள்.
பதினாறு நாள்
கதவு கதவாகவே இருந்தது;
நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை.
திரைக்கு அப்பால் மங்கலாய் ஓர் அடுப்பு,
கிழமை வாரியாய் அடுக்கிய மாத்திரை டப்பா,
இரவு மூன்று மணி இருமல்.
வெள்ளிக்கிழமை மீன் பொரித்தார்.
என் எரிவாயுவை இன்னும் துண்டித்தே வைத்திருந்தார்கள்.
ரொட்டியும் வெண்ணெயும் தின்றுகொண்டே
அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஆறாம் நாள் கொத்தனார் கூப்பிட்டார்.
சுவரின் வயிற்றுக்குள் குழாய்.
என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.
மாடியிலிருந்து நிலவறைவரை போகும்
கட்டடத்தின் பொதுக்குழாய்.
ஒட்டோகருக்கும் அதில் பங்குண்டு.

திரையைத் தூக்கிக்கொண்டு மிலிவோய் வந்தார்.
துருவை வெகுநேரம் பார்த்தார்.
"வக்கீலுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?"
எட்டு வருடத்தில் முதல் பேச்சு.
சொன்னேன்.
அவருடைய தொகை பெரிது.
அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்;
மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.
அவரும் சிரித்துவிட்டு
மாத்திரை நேரம் என்று போய்விட்டார்.

பிறகு கம்பிவலை, காரை,
மறுபடி கம்பிவலை, மறுபடி காரை.
ஸ்லாவென் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.
இதற்குச் சாட்சி தேவையில்லை என்றார்.

நல்ல சுவர்தான்.
இருமல் கேட்பதில்லை.
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்
எந்த இடுக்கு வழியாகவோ
மீன் வாசம் வந்துவிடுகிறது.
ஸ்லாவெனிடம் நான் இதைச் சொல்லவில்லை.