மற்றவை

காலை ஆறே முக்கால். கிள்ளான் ஆறு
தே தாரிக் நிறத்தில் வருகிறது, நுரையோடு.
அப்துல்லா ஹுக்கும் ரயில் பாலத்தின் கீழ்
மிதவைத் தடுப்பில் எங்களுக்கு வேலை:
இரவெல்லாம் நகரம் தள்ளிவிட்டதை
அள்ளிக் கரையேற்றி, தரம் பிரித்து, எடை போடுவது.

படகின் இயந்திரத்தைத் தட்டி எழுப்பும்போது
ரகிபுல் 'பதர், பதர்' என்கிறான்.
அவனூர்ப் படகுக்காரரைக் கரைசேர்க்கும் பீர் அவர்.
இங்கே இரு கரையும் சிமெண்டு.
தவறி விழுந்தாலும் எழுந்து நின்றால் இடுப்பளவு.
ஆனாலும் சொல்லட்டும்.

படிவம் என் கையில்.
நெகிழி. கண்ணாடி. மரம். தகரம். அழுகியவை.
கடைசிக் கட்டம், மற்றவை.

தெய்வங்கள் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன.
மூக்குடைந்த பீங்கான் குவான் யின்
(கையிலிருந்த குடுவைக்கு ஒன்றும் ஆகவில்லை,
அதற்குள் இரண்டு மிடறு ஆற்றுநீர்).
தந்தம் ஒடிந்த பிள்ளையார்,
ஒடிய வேண்டிய பக்கம்தானா என்று பார்க்க நேரமில்லை.
கன்னிமாருக்கு யாரோ விட்ட
ஏழு கட்டு வளையலில் ஐந்து.
இருவர் வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

கேண்டீனில் சோறு போடும் வாஹ்யுனி
என் கையுறையைப் பார்த்தாலே முகம் சுளிப்பாள்.
அவள் தீவின் தெற்குக் கடலில் ஒரு ராணி,
பச்சை அணிந்தவர்களைக் கூட்டிப்போய்விடுவாளாம்.
கம்பெனி கொடுத்தது பச்சைதான், நான் என்ன செய்ய?
'உன் ராணி இந்த ஆற்றுப்பக்கம் வந்தால் வாந்தியெடுப்பாள்' என்றேன்.
வாஹ்யுனி சிரிக்கவில்லை.
குழம்பும் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

செவ்வாயன்று போத்தல் வந்தது.
கறுப்புத் துணி சுற்றி, வாயில் மெழுகு உருக்கி அடைத்தது.
உள்ளே ஓர் ஆணி, கொஞ்சம் முடி,
அப்புறம் ஏதோ, சாய்த்தால் மெதுவாய்ச் சாய்ந்தது.
வழக்கமாய்க் கரையிலிருந்தே கத்தும் ஷாருல்நிஜாம்
படகுக்கே வந்து காதோரம் சொன்னார்:
திறக்காதே. பெயரும் வைக்காதே.
யாரையோ பிடித்து உள்ளே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கண்ணாடி கிலோ பத்து சென்.
லோரியில் வந்த லியோங் தௌக்கே
போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஐந்து வெள்ளியை எடுத்து நீட்டினார்,
தன் லோரியில் அதை ஏற்றாமலிருக்க.

தராசில் வைக்கவில்லை.
ரகிபுல் தடுப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து
தூங்கும் பிள்ளையைத் தூளியில் இடுகிற மாதிரி
இரண்டு கையாலும் விட்டான். போயிற்று.

மாலை பந்தாய்த் தடுப்பிலிருந்து வாட்சப்பில் ஒரு படம்:
'இது உங்களுடையதா?'
மறுநாள் பூச்சோங்.
அதற்கடுத்த நாள் ஸ்ரீ மூடா,
படத்தில் யாரோ துணியைப் புதிதாக மாற்றிச் சுற்றியிருந்தார்கள்.
எல்லாரும் கைமாற்றி விட்டார்கள்.
ஒருவரும் படிவத்தில் எழுதவில்லை.

வெள்ளி இரவு மழை.
நீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி
பாலத்தின் தொண்டைவரை ஏறியது.
மேலே நடைபாதையில் நின்று பார்த்தேன்:
இரு புறமும் சுவர், வளைவுக்கு வளைவு பூட்டிய மதகு,
உள்ளே எதுவோ சாய்ந்து சாய்ந்து தேடுகிறது.
அடைத்தவர் யாரென்று அதற்குத் தெரியுமா?
நான் ஓரடி பின்னால் வந்தேன்.

சனிக்கிழமை தடுப்பில் பாதி இல்லை.
ரகிபுலுக்குக் காய்ச்சல். இயந்திரம் மூன்று முறை இருமி நின்றது.
யாருமில்லையென்று பார்த்துக்கொண்டு 'பதர்' என்றேன்.
கிளம்பவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை இழுத்தேன்.

மற்றவை: நான்கு கிலோ இருநூறு.
கிள்ளான் தடுப்பிலிருந்து படம் எதுவும் வரவில்லை.
கேட்க நினைத்து, எண்ணைத் தட்டி,
அழைக்காமல் வைத்துவிட்டேன்.