எட்டரைப் பவுன்

மாடியில் இருந்த டெரன்ஸ்
ஓசூருக்கு மாற்றலாகிப் போகையில்
என் வாசலில் கண்ணாடித் தொட்டியை இறக்கி
"ரெண்டே நாள் பாத்துக்கிடுங்க யக்கா" என்றான்.
ஐந்து மாதம்.
சீட்டு இல்லை, வட்டி இல்லை, கெடு இல்லை.
பதினாறு வருஷமாய் அடகுக்கடையில் எடைபோடுகிறவள்
இப்படி ஒரு பொருளை
வாங்கிவைத்ததே இல்லை.

இரண்டில் ஒன்று ஐப்பசி மழையில் செத்தது.
மிஞ்சியது வாலை இழந்துகொண்டிருந்தது.
பெட்டியில் கிடந்த பட்டுச்சேலை
மடிப்போரம் இற்றுப்போவதுபோல
விளிம்பு வெளுத்து, இழை பிரிந்து,
அடியில் சிவப்பாய் ஒரு கோடு.
விலாவில் குன்றிமணி அளவுக்குப் புண்.
இரை போட்டால் திரும்பவில்லை.
கடன்காரன் கதவைத் தட்டும்போது
உள்ளே மூச்சுவிடாமல் இருப்பவர்களைப்போல
மூலையில் நின்றது.

கல்லுப்பு போடச் சொன்னார்கள், போட்டேன்.
மஞ்சளும் போடச் சொன்னாள் எதிர்வீட்டு சம்சு பேகம்.
"இது மருந்தா, குழம்பா?" என்றேன்.
இரண்டு பேரும் சிரித்து
உடனே நிறுத்திக்கொண்டோம்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவமனை.
எனக்கு முன்னால் வயிறு உப்பிய வெள்ளாடு,
காலில் துணி சுற்றிய கன்று.
மடியில் தூக்குவாளியோடு நான்.
ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
"மீனுக்கும் சீட்டு போடுதாவளா?"
"போடுதாவ."

டாக்டர் சின்னப்பெண். பெயர் ஹெப்சிபா.
வாளிக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள்.
பாக்டீரியா என்றாள்.
முதலில் தண்ணீரைக் குணமாக்கணும் என்றாள்.
பிளீச்சிங் வாடை போக ஒருநாள் வைத்து ஊற்றுங்க.
மருந்து முடியும்வரை தனித் தொட்டி;
பழைய தொட்டிக் கூழாங்கல்லில்
நல்ல கிருமியும் குடியிருக்கு,
மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.
பிறகு பேனாவைத் திறந்து கேட்டாள்:
"எடை எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை.
எனக்கு.

அன்று ராத்திரி வாகையடி முக்கில்
முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிச்
சாப்பிடப் போன நேரம்
தராசின் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.
கிண்ணத்தில் தண்ணீர். அதைச் சுழியாக்கினேன்.
ஈரக் கையால் மீனை விட்டேன்.
எண்கள் நீந்தின.
ஏறி, இறங்கி, தெறித்து,
ஒரு கணம் நின்றது:
அறுபத்தெட்டு கிராம்.
எட்டரைப் பவுன்.
கைப்பழக்கத்தில் அன்றைய விலையால் பெருக்கிவிட்டேன்.
நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கியது என்று
டெரன்ஸ் சொல்லியிருந்தான்.
கல் கழிக்கவில்லை, அரக்கு கழிக்கவில்லை.
சேதாரம் மட்டும்
வாலில் இருந்தது.

மறுநாள் காலை முதல் ஆள்
மானூரிலிருந்து வந்த பெண். ஒரு ஜோடிக் கம்மல்.
தட்டோரம் பொன்னிறமாய் ஏதோ ஒட்டியிருக்க
"எங்கம்மல்ல இருந்து உதுந்ததா?" என்றாள்.
இல்லம்மா, அது வேற ஒருத்தருது.
செதில் என்று சொல்ல வாய் வரவில்லை.
எடுத்துப் போட்டுக் காட்டினேன்.
தராசு சுழியிலேயே நின்றது.
நம்பாமல்
காகிதத்தில் மடித்து எடுத்துப்போனாள்.

பத்து நாள்.
திருநீறு மாதிரி மடித்துத் தந்த பொட்டலங்கள்,
தோலுரித்த பட்டாணியில் பிசைந்து.
மூன்று நாள் துப்பியது.
நான்காம் நாள் துப்பி, யோசித்து,
மறுபடி வாங்கிக்கொண்டது.
கரண்ட் போய்க் காற்றுக்குழாய் நின்ற ராத்திரிகளில்
நீல டப்பின் பக்கத்தில் உட்கார்ந்து
டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினேன்,
டீ ஆற்றுகிற மாதிரி.

புண் மூடியது.
வாலின் அறுந்த இடத்தில் புதிதாய் ஒரு விளிம்பு.
இன்னும் நிறம் ஏறவில்லை.
பின்னால் விளக்கு இருந்தால்தான் தெரிகிறது.
உரைகல்லில் தேய்த்தால்
ஒரு கோடும் விழாது.

நேற்று டெரன்ஸ் போனில் வந்தான்,
கேஸ் புத்தகம் மாடியில் கிடக்கிறதா என்று கேட்க.
மீனைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
வைக்கப்போகும்போது
"அப்புறம் யக்கா?" என்றான்.

"அறுபத்தொம்பதரை" என்றேன்.