இரு

பூர்க்டோர்ஃப், சனிக்கிழமை காலை ஒன்பதரை.
எம்மெ ஆற்றங்கரையில் மூடுபனி விலகாத புல்வெளி.
ஏழு நாய்கள், எட்டு மனிதர்கள்.
நாங்கள் இருவரும் ஒரே வாரில்.

ப்ளெஸ், மாடு மேய்க்கிற இனம்.
மேய்க்க மாடில்லாததால் தபால்காரரை மேய்த்தது,
பேருந்துக்கு ஓடுகிறவர்களின் குதிகாலை
மூக்கால் தட்டி வரிசைப்படுத்தியது.
மேல்வீட்டு ஸ்டால்டர் அய்யா முதியோர் இல்லம் போன அன்று
கிண்ணத்தோடு எங்கள் கதவுக்கு வந்துவிட்டது.
நடைபாதையில் கேதீஸ் முன்னே, நான் பின்னே போனால்
பொறுக்காது அதற்கு.
சுற்றிச் சுற்றி வந்து இருவரையும் இடிக்கும்.

"பல்லைக் காட்டும்வரை காத்திருக்காதீர்கள்,"
என்றாள் பயிற்சியாளர் ரெகுலா,
சட்டைப்பையெல்லாம் செர்வலாத் துண்டு மணக்க.
"அதற்குமுன் பத்துமுறை சொல்லியிருக்கும்.
காரணமில்லாமல் உதட்டை நக்கும்.
தலையைத் திருப்பிக்கொள்ளும்.
தூக்கம் வராமலே கொட்டாவி விடும்.
அப்போது நேராகப் போய் நிற்காதீர்கள்.
வளைந்து போங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்."
கேதீஸ் கொட்டாவி விட்டார்.
அது வெறும் தூக்கம்தான், இரவுவேலை.

முதல் பாடம்.
"இரு" என்றார் கேதீஸ்.
ப்ளெஸ் உட்கார்ந்தது. செர்வலா.

இரண்டாம் பாடம் என்னுடையது.
நிற்கிற நாயை நின்றபடியே விட்டுவிட்டு
பத்தடி போய்த் திரும்ப வேண்டும்.
உள்ளங்கையைக் காட்டி "இரு" என்றேன்.
உட்கார்ந்தது.
என் முகம் பார்த்து, படுத்தது.
பிறகு வலது கால் கொடுத்தது, இடது கால் கொடுத்தது,
கேள்வி புரியாத பிள்ளை
தெரிந்ததையெல்லாம் எழுதிவைப்பதுபோல.

"என்ன சொன்னீர்கள்?"
"காத்திரு என்று."
"அவர்?"
"உட்கார் என்று."
"என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது."

பதினோரு வருடமாக அப்படித்தான் விழுகிறது.
கரூரிலிருந்து வந்த என் சித்தி மகளை
"இருங்கோ, இருங்கோ" என்று வரவேற்றார் வவுனியாக்காரர்.
ஈரக்குடையோடு வாசலிலேயே காத்து நின்றாள் அவள்.
ஓல்ட்டனில் ஒரு ரயிலை இதனால் விட்டோம்.
"இரு, வந்துர்றேன்" என்று டிக்கெட்டுக்கு ஓடினேன்.
அவர் பெஞ்சு தேடி அடுத்த பிளாட்பாரம் போய்விட்டார்.
காணாமல்போன அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும்
"இருப்பார்" என்பார்.
அது எந்த இரு என்று
நான் கேட்டதில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு சொல்," என்றாள் ரெகுலா.
"நாய் முட்டாளில்லை."

அன்று ராத்திரி அடுப்படியில் சொல் தேடினோம்.
நில்?
"பொலிஸ்காரன் மாதிரிக் கிடக்கு," என்றார்.
உட்காருவதற்கு, குந்து?
"எங்க ஊர்ல அது மரியாதை இல்ல."
"நாய்க்கு என்ன மரியாதை?"
"சொல்ற வாய்க்கு."
சிரித்தோம். கீரை அடிப்பிடித்தது.
"அப்ப காத்திருக்கச் சொல்லப் பொறு எண்டு சொல்லலாம்," என்றார்.
"எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்."
எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது என்றேன்.
செய்ததைப் பொறுத்துக்கொள்,
கேள்வி கேட்காதே என்று.

மேசையில் ஒன்றுமில்லை, தட்டுகூட வைக்கவில்லை.
கேதீஸ் உதட்டை நக்கினார்.
தலையைத் திருப்பி
ஜன்னலில் தெரிந்த ரயில்நிலைய விளக்கைப் பார்த்தார்.

எத்தனைமுறை நேராகப் போய் நின்றிருக்கிறேன்
இந்த முகத்துக்கு முன்னால்,
என்ன, என்ன, சொல்லுங்க என்று.

அடுப்பை அணைத்தேன்.
மேசையைச் சுற்றி, ப்ளெஸ்ஸின் தண்ணிக் கிண்ணத்தைத் தாண்டி,
பக்கவாட்டில் போய் நின்றேன்.
நானும் விளக்கைப் பார்த்தேன்.
பெர்ன் போகிற வண்டி வந்து, யாரும் ஏறாமல் போனது.

ரொம்ப நேரம் கழித்து
"இரு" என்றார்.

ப்ளெஸ் உட்கார்ந்தது.
நான் நின்றுகொண்டே இருந்தேன்.