ஏழாவது கட்டம்

பர்மா ரோட்டில், பல் டாக்டர் கடைக்கு மேல்மாடி.
இரவு வேலை முடித்த கண்ணோடு
ஜெர்மன் பாரத்தின் ஏழாவது கட்டத்தில் நிற்கிறேன்.

எல், ஏ, டே, ஈ, கே.
லேடிக் என்று படித்தேன்.

"இல்லை, ஃபிராவ் சின்னக்கண்ணு,"
கோர் மெய் ஷான் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
"எழுதுவதுதான் கே. சொல்வது காற்று.
சூடான மைலோவை ஊதுவோமே, அப்படி.
லேடிஹ்."
ஊதினேன்.

திருமதிக்கும் ஃபிராவ்தான்.
அதை அப்பா பெயரோடு ஒட்டினால்
அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.
நான் திருத்தவில்லை.

பொருள்: கல்யாணம் ஆகாத.
நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தேன்.
ஆகாதவள் ஒருத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்,
அண்ணன் மகள் நிச்சயத்தில்
தட்டெடுக்க யாரும் கூப்பிடாத நாற்காலியில்.

தமிழில் 'நல்ல' நகராது.
நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல கெம்போங் மீன்.
வாக்கியத்தின் கடைசிக்குப் போனால்தான் வால் முளைக்கும்,
நல்லவன், நல்லவள்.
ஜெர்மன் தலைகீழ்.
பெயருக்கு முன்னால் நின்றால் வால்,
அதுவும் ஆணா பெண்ணா அஃறிணையா,
எந்த வேற்றுமை, ஒருமையா பன்மையா என்று
ஒரு பக்கத்துக்கு அட்டவணை.
கடைசியில் தனியாக நின்றால்
ஒன்றும் கேட்பதில்லை.

இஹ் பின் லேடிஹ்.
ரொட்டி சுடப் போகும் ஃபைசால் சொன்னான், வயது இருபத்திரண்டு.
நான் சொன்னேன், நாற்பத்தொன்று.
ஒரே சொல். ஓர் எழுத்து கூடவில்லை.
அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.
என்னிடம் சிரிக்காமல் இருந்தார்கள்.

பின்னால் ஃபிராவ் வந்ததும்,
லேடிகெ ஃபிராவ்,
காற்று நின்றுபோய்
அந்தக் கே திரும்பி வந்து தொண்டையில் தட்டியது.
எழுத்து மாறவில்லை. பக்கத்தில் ஆள் வந்ததுதான்.

இதற்கு ஒப்புமைப் படி கிடையாதாம்,
அதிகம் லேடிஹ், மிக அதிகம் லேடிஹ் என்று.
அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டார்.

அகராதியில் சின்ன எழுத்தில், பழைய வழக்கு:
ஆறாம் வேற்றுமை சேர்ந்தால் 'அதிலிருந்து நீங்கிய'.
கவலைகளின் லேடிஹ். கடமையின் லேடிஹ்.
ஆளில்லாத குதிரைக்கும் சொன்னார்களாம்,
சேணம் இருக்கும், ஏறியவர் இருக்க மாட்டார்.
அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டேன்.
பிறகு பேனாவால்.

டயாலிசிஸ் வார்டு, ராத்திரி இரண்டு மணி.
பதினான்காம் படுக்கை வேலுப்பிள்ளை ஐயா
தூக்கம் வராமல் கேட்டார்,
"மிஸ்ஸி, கல்யாணம் ஆச்சா?"
பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே
லேடிஹ், என்றேன்.

"பெருமூச்சு விடாதம்மா," என்றார்,
"எல்லாம் நடக்கும்."