சிட்டையில் ஓர் எழுத்து

நாகூரான் தோட்டத்து முனையில்
மிளகாய் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள்
ஏதோ அகராதியின் கிழிந்த பக்கம்.
எண்ணெய் குடித்தது போக
மிஞ்சித் தெரிந்தது ஓர் எழுத்து:
கா.

சோலை என்றிருந்தது முதலில்.
காசிமேட்டில் சோலை ஏது,
டீசல் ஊறிய மண்ணில்
எருக்கு ஒன்று தலைகாட்டினால் உண்டு.
அடுத்தது, தோளில் சுமக்கும் தண்டு.
அதற்கும் கீழே, பழைய நிறை ஒன்று:
நூறு பலம்.

இதை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.
நான் எடை எழுதுகிறவள்.
ராத்திரி இரண்டு மணியிலிருந்து
மின்தராசு சொல்வதைச் சிட்டையில் ஏற்றுகிறவள்.
கானாங்கெளுத்தி என்று முழுசாய் எழுதும்வரை
எந்த ஏலக்காரர் பொறுப்பார்?
கா 22. கா 31. கா பதினெட்டரை.
விடிவதற்குள் அறுபது கா.
காலா வந்தால் அதுவும் கா,
விலையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

காப்பாற்று என்றும் போட்டிருந்தது.
காத்திரு என்பதும் அதே வேராம்.
இருக்கும்.
காவல் நிற்பவனுக்கும் காத்து நிற்பவளுக்கும்
ஒரே இடத்தில்தான் கால் கடுக்கிறது.
ஐந்து நாளில் திரும்ப வேண்டிய படகு
பதினோராம் நாள் வந்த ஒரு கார்த்திகையில்
வார்ப்பில் நின்று இதைக் கற்றோம்,
நானும் அமலியும்.
ஒரே படகில் அவள் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர்.
ஆள் குறையாமல் வந்துவிட்டது படகு.
குறைந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

பொது எஞ்சினை விற்றதில்
ஏழாயிரம் கணக்கு இடித்தது.
கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில், தூறலில்,
நாற்பத்தாறு வயதுக்காரி
சுண்டுவிரலை நீட்டிச் சொன்னாள்:
கா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் நின்றது.

அந்த அர்த்தம் பக்கத்தில் இல்லை.
எண்ணெய்க்கு அடியில் போயிருக்கலாம்.
அகராதி செய்தவருக்கு
உடன்பிறப்பு இல்லாமல் இருந்திருக்கலாம்.
காக்கையின் கா-வும் இல்லை. அது போகட்டும்,
ஐஸ் உடைக்கும் மெஷின்மேல் உட்கார்ந்து
அதுவே சொல்லிக்கொள்கிறது.

நானாக ஒன்று யோசித்தேன்.
சேர்ந்தால் பழம், பிரிந்தால் கா என்கிறோமே,
அப்படியானால் அது காய்தானே?
கத்திக் கத்திப் பிள்ளைகள்
யகர ஒற்றைத் தெருவில் எங்கோ தொலைத்திருக்கிறார்கள்.
காய் என்றால் வெட்டு இல்லை,
இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.
தமிழய்யா யாராவது ஒப்புவாரா, தெரியாது.

ஆறு வருஷமாய் அவள்
பக்கத்துத் தராசுக்குத்தான் போவாள்.
நேற்று அது பழுது.
என்னிடம் ஏறியது ஒரு கூடை,
நீல நைலான் முடிச்சு பார்த்ததும் தெரிந்துவிட்டது.
நிமிரவில்லை நான்.
எழுதினேன், கிழித்தேன், நீட்டினேன்.
சிட்டையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தவள்,
"இன்னாடி இது,
மொட்டையா கா-னு போட்டுக்கிறே?"

மீன் பேர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை கத்தத் தொடங்கியது.
அவள் நகரவில்லை, சிட்டையைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை.
ஈரக் கட்டைவிரலுக்கு மேலே
மை கசிந்துகொண்டிருந்தது அந்த எழுத்து.
அதற்கு முன்னால் இரண்டு எழுத்துக்கு இடம் இருந்தது.
பின்னால், ஒரு ஒற்றுக்கு.

அடுத்த கூடையைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.
இருபத்தேழு.
என் பேனா இன்னும் இறங்கவில்லை.