முத்தையன்கட்டுக்கு மேலே ஐஸ்

ஆவணி. குளத்தில் கால்வாசித் தண்ணீர்.
கொன்ரெய்னருக்குள் இரவு ஒரு மணிக்கும் முப்பத்து மூன்று பாகை.
ஏசி லேசருக்கு மட்டும்.
எனக்குப் பாதி திறந்த கதவும்
சோளகம் கொண்டுவரும் புழுதியும்.

கூரையில் வெட்டிய ஓட்டையால்
பச்சைக் கோடொன்று எழும்புகிறது.
செக்கனுக்கு இருபது தரம் துடித்தாலும்
கண்ணுக்கு அது ஒரே நூல்,
பாலை மரங்களின் தலைதாண்டி
எங்கே முடிகிறதென்று சொல்லமுடியாத நூல்.

முதல் கிழமை ஊர் படுக்கவில்லை.
வெளிச்சம் மேலிருந்து விழுந்துதான் இங்கே பழக்கம்,
கீழிருந்து போனதில்லை.
முகாமிலிருந்து இருவர் வந்தார்கள்.
மூன்று மொழியில் இருந்த கடிதத்தை
ஒரு மொழியில் வாசித்தார்கள்.
அண்ணாந்து பார்த்து,
"மேலே ஒண்ணும் இல்லைதானே" என்றார்கள்.
வெள்ளியெல்லாம் துலக்கமாய்த்தான் தெரிந்தன.

ஆனால் இருக்கிறது.
பதினாலு, பதினைந்து கிலோமீற்றரில்
வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத ஒரு முகில்.
முழுக்க ஐஸ்,
பூச்சியத்துக்குக் கீழே எழுபது பாகையில்.
போய்வர ஒளிக்கு
ஒரு செக்கனைப் பத்தாயிரமாய் அரிந்ததில்
ஒரு துண்டு போதும்.
கோடி கோடியாய் அனுப்புகிறேன்.
கண்ணாடியில் வந்து விழுவதை விரல்விட்டு எண்ணலாம்.

சத்தியகலா காவலுக்கு வந்தவள்.
அதற்கு முன் பதினொரு வருடம் மிதிவெடி எடுத்தாள்,
அம்பகாமம், கொக்காவில், கடைசியாய் முகமாலை.
பிறகு ஆட்குறைப்பு.
திரையில் கோடு நடுங்குவதைக்
கதிரையை இழுத்துப்போட்டுப் பார்த்தாள்.
"இரைச்சல்தான் கூட, என்ன?"
"கூடத்தான்."
"எங்கட மெசினும் உப்பிடித்தான். ஆயிரம் தரம் கத்தும்.
ஆணி, சோடாமூடி, மீன்ரின் தகரம்.
ஆனா ஆயிரத்துக்கும் ஒரேமாதிரித்தான் குந்தவேணும்."

நான் இரண்டு கோடுகளையும் காட்டினேன்.
நீர்த்துளி உருண்டை. ஒளி போன மாதிரியே திரும்பும்,
அதே தளத்தில், ஒன்றும் நடவாததுபோல.
ஐஸ் அப்படியில்லை. மூலையும் முகமுமாய்
ஆறு பக்கம் அதற்கு.
உள்ளே போன ஒளி சுவர்சுவராய் முட்டிப்
புரண்டுதான் வெளியே வரும்.
இந்த இரண்டாவது கோடு
புரண்டு வந்தவற்றின் கணக்கு.

"அப்ப நேரை வாறதைவிடக்
கோணி வாறதுதான் செய்தி" என்றாள்.
என் ஆய்வேட்டில் அதற்கு நாலு பக்கம் போனது.

இரண்டு பத்துக்கு வயல்பக்கம் யானைவெடி.
அவள் தோள் அசைந்தது, கண் திரையை விடவில்லை.
பதினாலரையில் ஒரு திட்டு. பிறகு பட்டை.
இரண்டாவது கோடு ஏறிக்கொண்டேயிருந்தது.
நான் தூரத்தைத் தூரத்தால் பெருக்கி
வந்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
தொலைவிலிருந்து வருவது மெலிந்துதான் வரும்.
மெலிந்ததைச் சிறிதென்று எழுதக்கூடாது.

அப்போதுதான் கேட்டாள், பகிடிபோல:
"இதைக் கீழ்ப்பக்கம் திருப்பேலாதோ?"
திருப்பலாம், ஆனால் தரையோடு நின்றுவிடும் என்றேன்.
மண் ஒளியை உள்ளே விடாது.
"ம்."
யாரைத் தேட என்று நான் கேட்கவில்லை.
ரோச்லைற்றை எடுத்துக்கொண்டு
கேற்றைப் பார்க்கப் போனாள்,
தினமும் நடக்கிற பாதையிலும்
கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து.

கீழே தென்மேற்குக் காற்று.
மேலே முகில் எதிர்ப்பக்கமாய், மன்னாரை நோக்கி.
போகிற வழியில் நிலத்தின் சூட்டில் கொஞ்சத்தை
மேலே விடாமல் மறித்துக்கொண்டு.
ஐஸ்தான் மறிக்கிறது. அதையும் அவளுக்குச் சொல்லவேண்டும்.

கோப்பில் திகதி, நேரம், இடம்.
குறிப்புக் கட்டத்தில்: வானம் தெளிவு. யானைவெடி ஒன்று.

கேற்றடியிலிருந்து கத்திக் கேட்டாள்,
"இன்னும் இருக்கோ?"

"இருக்கு."