குறைந்த விலைப்புள்ளி

நாற்பத்து மூன்று வயதில்
ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது.
பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உலவுகிற,
ஏன் தனியாக வந்தாய் என்று
ஒருவரும் கேட்காத விளையாட்டு.

மாற்றலாகி வந்த முதல் நவம்பர்.
ஆர்.கே.புரம், இரண்டாம் மாடி, அரசுக் குடியிருப்பு.
ஜன்னலைத் திறக்காதே என்கிறது செய்தித்தாள்.
திறந்தாலும்
எதிர்க் கட்டடம் இருக்கிறதென்பது அனுமானம்தான்.
மலை மந்திர் மணிச் சத்தத்தை வைத்துத்தான் திசை.

தணிக்கைத் துறையில் பத்தொன்பது வருடம்.
எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி கேட்பேன்,
முருங்கைக்காய் உட்பட.

ஜதின் தந்தது முதலாவது. டேட்டா என்ட்ரி பையன்.
எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் மேடம் என்றான்.
நூற்றுப் பத்து ஜிபி.
கேட்டதுமே என் லேப்டாப்
விசிறியைச் சுழற்றிப் பெருமூச்சு விட்டது.

லால்ரின்புய் சொன்னது இலவசம்.
ஆனால் இறக்கைக்குக் காசு, குதிரைக்குக் காசு,
குதிரை வெள்ளையாக வேண்டுமென்றால் இன்னும் காசு.
இலவசம் என்று எழுதிய கோப்புகளைத் திறந்து
சிவப்பில் வட்டமிட்டே தலை நரைத்தவள் நான்.

கீசர் பழுதுபார்க்க வந்த இர்ஃபான்
ஸ்டூலில் நின்றபடி மூன்றாவதைச் சொன்னார்.
ரொம்பப் பழசு. கூட்டம் கிடையாது.
மரமெல்லாம் கட்டம் கட்டமாய்த் தெரியும்.
ஆனால் வானம் நன்றாக இருக்கும் என்றார்,
ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

குறைந்த விலைப்புள்ளியே தேர்வு. விதி அது.
வானத்தைக் கோப்பில் குறிப்பிடவில்லை.

அடுத்து, ஆள் செய்ய வேண்டும்.
வாளா, வில்லா, மருந்துப் பையா?
தொட்டால் ஒவ்வொருத்தியும் திரும்பிப் பார்த்தாள்.
எல்லாருக்கும் ஒரே இடுப்பு.
அதைப் பெரிதாக்கும் பொத்தானைத் தேடியே
அரைமணி போனது.
கடைசியில் கிடைத்தது குட்டை இனம் ஒன்று,
பருத்த மூக்கும்
மூட்டை சுமக்கும் தோளுமாக.
அவளை எடுத்துக்கொண்டேன்.

பெயர்?
ஆங்கிலத்தில், பன்னிரண்டு எழுத்துக்குள்.
பூங்கோதை என்று அடித்தேன்,
பள்ளிச் சான்றிதழில் எவரோ ஒரு குமாஸ்தா
தூக்கத்தில் செருகிய அந்த வேண்டாத எச்சோடு.
வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும்
உலகத்தில் நான் மட்டுமே சுமக்கிற எச்.

இந்தப் பெயர் வேறொருவரிடம் உள்ளது
என்றது திரை.

கீசர் டிக்கென்று அணைந்தது.
அந்த ஓர் எழுத்தை நீக்கிப் பார்த்தேன்.
காலியாக இருந்தது.
சரியான பெயர் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே ஒரு மீன் சந்தை. மழை விட்ட தரை.
கரடித்தலை மாட்டிய யாரோ
கேட்காமலே ஒரு கம்பளிச் சட்டை தந்து போனார்.
அண்ணாந்தேன். இர்ஃபான் பொய் சொல்லவில்லை.
நாற்பது நட்சத்திரம் வரை எண்ணி,
பழக்க தோஷம்,
மறுபடி எண்ணிச் சரிபார்த்தேன்.

பிறகு தேடினேன், எச் உள்ளவளை.
இருந்தாள். வில்லாளி. பதினேழாம் நிலை.
வந்தது இரண்டாயிரத்து ஒன்பது மே.
கடைசியாகப் பார்த்தது அதே செப்டம்பர்.

அந்த வருடம் என் பெயரை
எழுத்தெழுத்தாய்ப் பார்த்தவர்கள் யார் யார்?
விடுதிக் காப்பாளர். வங்கிக்காரர். கல்யாணத் தரகர்.
சம்பளப் பட்டியல் தட்டச்சு செய்த ஒருவன்,
முன்பற்களுக்கு நடுவே இடைவெளி,
அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அங்கே கடிதம் அனுப்ப மூன்று செப்புக்காசு.
மீன் பிடித்து விற்று எழுதினேன்.
பொருள்: பெயர் தொடர்பாக.
தாங்கள் வைத்திருப்பது என்னுடையது.
திருப்பித் தர வேண்டியதில்லை.
எங்கே கிடைத்தது என்பதை மட்டும்
தெரிவிக்கக் கோருகிறேன்.

பதினைந்து நாள் கழித்து, விதிப்படி,
முதல் நினைவூட்டல்.
பிறகு இரண்டாவது.

இப்போதெல்லாம்
எனக்கு நன்றாகவே மீன் பிடிக்க வருகிறது.